விலக்கு சொன்ன பாடம்

பெருஞ்சாலையிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் இடத்தை எங்கள் பக்கம் ‘விலக்கு’ என்பார்கள். ராயகிரியிலிருந்து பள்ளிக்கு வரும் நான் காலையும் மாலையும் அப்படியொரு விலக்கைக் கடந்தாக வேண்டும். மாலையில் கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், அப்பா எனக்காகக் காத்து நிற்பார்.

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, அப்பாவும் நானும் விலக்கின் வாயைக் கடந்துகொண்டிருந்தோம். நெடுஞ்சாலையில் வந்த லோடு வண்டி ஒன்று, வேகம் சற்றும் குறையாமல் இடப்பக்கம் திரும்பி எங்கள்மேல் பாய்ந்தது. அப்பா என்னைப் பிடித்துத் தள்ளினார். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அப்பாவுக்குக் கால் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் அவர் கட்டிலில் கிடந்தார். அம்மா பீடி சுற்றிக் குடும்பத்தைக் காத்தார்.

அந்த ஓட்டுநரை நான் மன்னிக்கவே இல்லை. இதை அறிந்த எங்கள் அறிவியல் சிஸ்டர், “மற்றவர்கள் அங்கே மெதுவாகத் திரும்புகிறார்களா? நின்று பார்த்தாயா?” என்று கேட்டார்.

ஒரு விடுமுறை நாளில் தம்பியுடன் டீக்கடை பெஞ்சில் அமர்ந்து பார்த்தேன். லாரி, வேன், மோட்டார் சைக்கிள் எதுவுமே வேகத்தைக் குறைக்கவில்லை. அப்படித் திரும்பியவர்களுள் என் சித்தப்பாவும் ஒருவர்! அப்பாவின் மாவுக்கட்டைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர் அவர். அவர் பொல்லாதவரா? இல்லை. அந்த விலக்கின் முனை அகன்று வளைந்து கிடக்கிறது. பிரேக்கைத் தொடாமலே திரும்பலாம். சாலையே ‘வேகமாக வா’ என்று அழைக்கிறது!

நான் கண்டதைக் கூறியதும் சிஸ்டர் விளக்கினார். முனை ஒடுங்கிச் செங்கோணமாக இருந்தால், எவரும் வேகத்தைக் குறைத்தே திரும்ப முடியும். வேகம் பாதியானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும். நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று மோதும் புள்ளிகள் 32. நடுவே வட்டத்திட்டு வைத்துச் சிறிய ரவுண்டானாவாக்கினால் 8 மட்டுமே. நேராகப் பாய வழியில்லாததால், அங்கே அவசரக்காரரும் மெதுவாகவே சுற்றி வருவார்.

இதனால் ஓட்டுநரின் பொறுப்பு குறைந்துவிடாது. ஆனால் மனிதர் தவறக்கூடும் என்றறிந்து சாலை அமைப்பதும் பொறுப்பே அல்லவா?

முனையை ஒடுக்கி, விலக்கின் வாயில் வேகத்தடை அமைக்கும்படி நாங்கள் ஒரு மனு எழுதினோம். சிஸ்டர் பிழை திருத்தித் தந்தார். தோழியர் பலர் கையொப்பமிட்டனர். கைத்தடியை ஊன்றி வந்து முதல் கையொப்பமிட்டவர் அப்பா, அடுத்தவர் சித்தப்பா. அந்த ஓட்டுநர்மேல் எனக்கிருந்த கோபமும் அன்றே தணிந்தது.

அன்புத் தோழியரே! சாலைகள் திருந்தும்வரை, உங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவோரிடம் ஒன்று சொல்லுங்கள்: விலக்கில் திரும்பும்போது வேகத்தைக் குறையுங்கள், பஸ்ஸை விட்டு இறங்கும் மகளுக்காக அங்கே ஓர் அப்பா காத்து நிற்கக்கூடும்.

– பத்தாம் வகுப்பு மாணவி