கொரட்டூரும் சொந்த ஊர்தான்!

கொரட்டூரில் யாரைக் கேட்டாலும் சொந்த ஊர் என்று வேறு ஏதாவது ஒரு பெயரைச் சொல்வார்கள். திருநெல்வேலி, கும்பகோணம், வேலூர், பாலக்காடு என்று பட்டியல் நீளும். முப்பது வருஷம் இங்கே குடியிருந்து, வீடு கட்டி, பிள்ளைகளுக்குக் கல்யாணமும் செய்துவைத்தவர்கள்கூட, “நமக்கு ஊரு அங்கதான்” என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பொங்கலுக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் தஞ்சாவூர்ப் பக்கம் போய்வருவோம்.

ஆனால், இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. பள்ளியில் ‘எங்கள் ஊரின் சிறப்பு’ என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னபோது, “நம்ம ஊர்ல என்னம்மா இருக்கு? ரயில்வே ஸ்டேஷனும் ஏரியும்தானே?” என்றாள். அந்த இரண்டிலிருந்தே தொடங்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

1856-ம் வருஷம் ஜூலை 1-ம் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கிப் புறப்பட்டது. அன்றைய ஆற்காடு ஸ்டேஷன் இருந்த இடம் இன்றைய வாலாஜா ரோடு. அந்தப் பழைய மேற்குத் தடத்தின் வழியில்தான் கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி எல்லாம் இருக்கின்றன. காலையில் டிபன் பாக்ஸோடு மூச்சிரைக்க ஓடிப்போய்ப் பிடிக்கிறோமே மின்சார ரயில், அது போகிற பாதைக்கு அவ்வளவு வயசு.

அதைவிடப் பல நூறு வருஷம் மூத்தது பாடி திருவலிதாயம். பாடி என்றால் மேம்பாலமும் துணிக்கடையும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால், சம்பந்தர் தேவாரத்தில் முதல் திருமுறையின் மூன்றாவது பதிகமே இந்தக் கோயிலுக்கானது. பரத்வாஜர் வலியன் என்கிற கருங்குருவியாகப் பிறந்து இங்கே வழிபட்டார் என்பது தலபுராணம். ஊரின் பெயரிலேயே ஒரு பறவை இருக்கிறது. குரு பகவான் வழிபட்ட தலம் என்பதால் வியாழக்கிழமைகளில் கூட்டம் நெரியும். கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிற அவசரத்தில் பலரும் விமானத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பின்பக்கம் வளைந்து, யானை படுத்திருப்பதுபோல இருக்கும். ‘தூங்கானை மாடம்’ என்பார்கள். மாமல்லபுரத்தில் சகாதேவ ரதம் இதே வடிவம்தான். பக்கத்திலேயே கல் யானை நிற்குமே, அதுதான். அங்கே டிக்கெட் வாங்கிப் பார்க்கிற வடிவத்தை இங்கே கீரை வாங்கப் போகும்போதே பார்க்கலாம்.

ஆவடிப் பக்கம் போனால் வட திருமுல்லைவாயில். சுந்தரர் பாடிய தலம். தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாம். அவன் வாளால் வெட்ட, அடியில் இருந்த லிங்கத்தின் மேல் பட்டு ரத்தம் வந்ததாம். அந்தக் காயத்துக்காகத்தான் மாசிலாமணீஸ்வரருக்குச் சந்தனக் காப்பு என்பார்கள். தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பிய நந்தி, இன்றும் சுவாமிக்கு முதுகு காட்டியே உட்கார்ந்திருக்கிறது. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வரும் நாளில் காலையில் மேலூர் திருவுடை அம்மன், மதியம் திருவொற்றியூர் வடிவுடை அம்மன், மாலையில் இங்கே கொடியிடை அம்மன் என்று ஒரே நாளில் மூவரையும் தரிசிக்கும் பெண்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

இனி ஏரி. ஒருகாலத்தில் வயலுக்கு நீர் கொடுத்தது கொரட்டூர் ஏரி. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் இங்கே வரும், இது நிறைந்தால் ரெட்டேரிக்குப் போகும். 1960-களில் பாடியிலும் அம்பத்தூரிலும் தொழிற்சாலைகள் பெருக, வயல்கள் மனைகளாயின. வேலை தேடி வந்த குடும்பங்கள்தான் இன்றைய கொரட்டூர். 2011-ல் அம்பத்தூர் நகராட்சியோடு நாமும் சென்னை மாநகராட்சிக்குள் போனோம். வயல் போன பிறகும் ஏரிக்கு வேலை போகவில்லை. நம் போர்வெல்லில் தண்ணீர் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதில் கழிவுநீர் கலந்தபோது, பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். எனக்கு ரொம்பப் பெருமையான விஷயம் இதுதான். மாமல்லபுரத்தைப் பார்த்துக்கொள்ளத் தொல்லியல் துறை இருக்கிறது. 1984-லிருந்து யுனெஸ்கோ பட்டியலிலும் அது இருக்கிறது. ஏரியும் பழைய சொத்துதான். ஆனால், குழாயில் நாற்றம் வருகிறது, நுரை மிதக்கிறது என்று முதலில் தெரிவது கரையோரம் குடியிருப்பவர்களுக்குத்தான். அவர்கள் ‘நமக்கு ஊரு வேற’ என்று இருந்துவிட்டால், கேட்க ஆளில்லை.

வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் மெரினாவுக்கும் தி.நகருக்கும் அழைத்துப் போகிறோம். ஒருநாள் காலை வெயில் ஏறுவதற்குள் ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். சீசனில் கூழைக்கடாவும் நாரையும் வந்திருக்கும். அப்படியே பாடிக்குப் போய்த் தூங்கானை மாடத்தைக் காட்டுங்கள். சாயங்காலம் முல்லைவாயில். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கு இதுதான் சொந்த ஊர்.