இறங்கும்போதுதான் சார் வலிக்குது

முட்டி வலி என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது, “படி ஏறும்போது வலிக்குதா, இறங்கும்போதா?” எங்கள் வடபழனி மெட்ரோ நிலையம் உயரத்தில் இருப்பதால் எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கும். “இறங்கும்போதுதான் சார்.”

முன்தொடையின் குவாட்ரிசெப்ஸ் நான்கு தசைகளின் கூட்டு. நான்கும் ஒரே நாணாகத் திரண்டு, முட்டிச்சில்லைப் பிடித்துக்கொண்டு, முட்டிக்குக் கீழே கால் எலும்பில் போய் ஒட்டுகின்றன. முட்டியை நீட்டுவது அதன் வேலை என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். ஆனால் படி இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே நம் எடையைத் தாங்கி மெல்லக் கீழே விடுகிறது. ஏறக்குறைய பிரேக் வேலை. ஜிம்மில் எடை தூக்கிக் காட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

1948இல் ஏவிஎம் ஸ்டூடியோ காரைக்குடியிலிருந்து வந்த நாள் முதல் வடபழனி சினிமாக்காரர்கள் பேட்டை. என்னிடம் சண்டைக் காட்சி ஃபைட்டர்கள் நிறைய வருவார்கள். மேக்கப் போட்டு மணிக்கணக்கில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், திடீரென்று “டேக்!” துரத்தும் காட்சி, எடுத்த எடுப்பில் முழு வேகம், பின்தொடையில் சுளீர். அங்குள்ள மூன்று ஹாம்ஸ்ட்ரிங் தசைகளில், வெளிப்பக்கம் ஓடும் பைசெப்ஸ் ஃபெமோரிஸ்தான் ஓட்டத்தில் அடிக்கடி கிழிவது. அதுவும் பெரும்பாலும் தரையை உதைக்கும்போது இல்லை; முன்னால் வீசிய காலை அது இழுத்து நிறுத்தும் கணத்தில். இதற்கும் பிரேக்கைத்தான் பழக்க வேண்டும்: முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, உடம்பை வளைக்காமல் மெதுவாக முன்னால் சாய வேண்டும். கிழிசல் ஆறிய பிறகுதான். முதல் நாள் பெரிய பெரிய ஃபைட்டர்களே பாதியில் பொத்தென்று விழுவார்கள்.

பரதநாட்டியப் பிள்ளைகளின் கதை வேறு. அரைமண்டியில் தொடை இடுப்பிலிருந்தே வெளியே திரும்ப வேண்டும். அங்கே திரும்பாதவள் பாதத்தை மட்டும் திருப்பி ஒப்பேற்றுவாள். திருகல் முழுவதும் முட்டியில் விழும். முட்டிச்சில்லு இரண்டாம் விரலுக்கு நேரே நிற்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

முட்டி ஆபரேஷன் முடிந்து வரும் அம்மாக்களுக்குச் சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, “அமுக்குங்கம்மா” என்பேன். என் விரல் முட்டிச்சில்லுக்குச் சற்று மேலே, உட்பக்கத்தில் இருக்கும். வீக்கம் இருக்கும்வரை தொடைக்கு உத்தரவு சரியாகப் போகாது. அவர் முகத்தைச் சுளித்து அமுக்கினாலும் அந்த இடம் தொளதொளவென்றே கிடக்கும். சில நாள் கழித்து விரலுக்கடியில் லேசாக ஒரு துடிப்பு. பிறகு தசை கெட்டியாகும். அதுவரை வாக்கரை ஓரமாக எடுத்து வைக்க விடமாட்டேன், மகன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.