பிடித்தவை நான்கு, பிடிபடாதது ஒன்று

"அண்மையில் உன் உள்ளத்தைக் கவர்ந்தவை எவை?"

விடுதி நண்பன் ஒருவன் கேட்டான். இரவு உணவு முடிந்து மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்த வேளை. கேள்வி எளிது, விடையும் எளிதென்றே எண்ணினேன். ஒரு கதை, ஒரு பாட்டு, ஒரு படம், ஓர் இடம்... நான்கும் நாவின் நுனியில் நின்றன. அடுக்கிக் காட்டினேன். நண்பன் தலையசைத்தான். எனக்கோ பெருமிதம்! 'நம் சுவை எத்தனை உயர்ந்தது!' என்று உள்ளம் தனக்குத்தானே மாலை சூட்டிக்கொண்டது. அந்த மாலை வாடிய கதையைத்தான், தோழர்களே, இங்கே சொல்ல முற்படுகிறேன்.

முதலில் அந்த நான்கும் எவை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மதுரை புது நத்தம் சாலையில், 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம், விடுமுறைப் பகல்களில் எனக்கு இரண்டாம் வீடு. அங்கேதான் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்னும் கதையைப் படித்தேன். 1988-இல் அதே பெயர் தாங்கிய தொகுப்பில் வெளிவந்தது. இராசத்தானத்துப் பெரிய வீடு, அறைகள் பல, ஆயின் அடுக்களை மட்டும் ஒரு மூலையில்! அந்த மூலையே பெண்ணுக்கு ஆட்சிப்பீடம், அதுவே அவளுக்குச் சிறைக்கூடம் என்பதை அம்பை அலட்டலின்றிக் காட்டிவிடுகிறார்.

பாட்டு, 2021 மார்ச்சுத் திங்களில் அறிவும் தீயும் பாடி வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி'. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்வை நினைவிற்கொண்டு அறிவு ஆக்கிய பாடல். சந்தோஷ் நாராயணன் இசை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

படம், அதே ஆண்டு சனவரியில் வெளிவந்த மலையாளப் படமான 'தி கிரேட் இந்தியன் கிச்சன்'. இயக்கியவர் ஜியோ பேபி. கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருது பெற்றது. புதுமணப் பெண் ஒருத்தி அரைக்கிறாள், வேக வைக்கிறாள், பரிமாறுகிறாள், துடைக்கிறாள். மறுநாளும் அதே, அதற்கு மறுநாளும் அதே! சோறு விறகடுப்பில்தான் வேகவேண்டும், துவையல் அம்மியில்தான் அரைபடவேண்டும் என்று ஆணை. ஆண்கள் மென்று துப்பிய சக்கை மேசையெங்கும் கிடக்க, அதே மேசையில் அவள் உண்ண வேண்டும். கணவனோ கல்லாதவன் அல்லன், பள்ளி ஆசிரியன்!

இடம், கீழடி. 2023 மார்ச்சு 5 அன்று திறக்கப்பட்ட அருங்காட்சியகம். வைகைக் கரையில் வாழ்ந்த மக்கள் பானை ஓடுகளில் பெயர் பொறித்ததையும், ஆடிய வட்டச் சில்லுகளையும், நூல் நூற்ற தக்களிகளையும் அங்கே காணலாம். எங்கள் ஊர் திருப்புவனத்துக்குப் பக்கம்; கீழடிக்குக் கூப்பிடு தொலைவு. ஊர்ப் பெருமை பேச இதைவிட வேறென்ன வேண்டும்?

கல்லூரித் தமிழ் மன்றத்தில் அந்தப் படத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். "அடுப்படி என்னும் கொட்டடி!" என்று நான் முழங்கியபோது அரங்கம் அதிர்ந்தது. கைதட்டலைக் காதில் ஏந்தியபடி பொங்கல் விடுமுறைக்கு ஊர் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டில் அம்மா, அப்பா, அப்பத்தா, தங்கை. அம்மா தென்னங்கீற்று முடையப் போகிறவர். தங்கை பன்னிரண்டாம் வகுப்பு, மார்ச்சில் பொதுத்தேர்வு. 'இவர்களுக்கும் அந்தப் படத்தைக் காட்டி அறிவூட்டுவோம்' என்னும் ஆர்வம் எனக்கு. இரவு உண்டு முடித்ததும் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அம்மாவும் தங்கையும் பார்த்தார்கள். நானோ காட்சிக்குக் காட்சி விளக்கம் சொன்னேன்!

பாதிப் படத்தில் தங்கை எழுந்தாள்.

"எங்கே போகிறாய்? இனிமேல்தான் முக்கியமான காட்சி!" என்றேன்.

"பத்துப்பாத்திரம் கெடக்குண்ணே. தேச்சுட்டு வந்துதான் படிக்கணும்" என்றாள்.

நான் படத்தை நிறுத்தவில்லை. அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், கடிந்தும் பேசாமல், கேலியும் இல்லாமல், இயல்பாகக் கேட்டார்:

"படம் நல்லாருக்குப்பா. ஆமா, நீ சாப்பிட்ட தட்ட எங்க வச்ச?"

நான் உண்ட இடத்திலேயே இருந்தது அது. ஓரத்தில் முருங்கைச் சக்கை!

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் ஒரு வேலை செய்தேன். அம்மா எழுந்தது முதல் படுக்கும்வரை கணக்கெடுத்தேன். விடியற்காலை ஐந்துக்கு வாசல் தெளித்தல். பிறகு தண்ணீர் பிடித்தல், காலை உணவு, மதியச் சோறு, அப்பத்தாவுக்கு வெந்நீர். எட்டரைக்குக் கீற்று முடையப் புறப்பாடு. மாலையில் திரும்பியதும் துணி, மாவு, இரவு உணவு. பத்தரைக்கு அடுப்படி துடைத்துப் படுக்கை. இடையிடையே தங்கையின் பங்கு. என் பங்குக்கு நான் ஒரு கோடு போட்டேன். அவ்வளவுதான், அதன் கீழே எழுத ஒன்றும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. பள்ளிப் பருவத்தில் நான் இரவு பத்து மணிவரை படித்தேனே, அந்த நேரம் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்தா விழுந்தது? அம்மாவின் ஓய்விலிருந்து எடுத்தது. தங்கையின் படிப்பிலிருந்து பறித்தது! என் மதிப்பெண் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. பானை ஓட்டில் பொறித்த பெயரைக் கண்ணாடிக்குள் கண்டு வியந்த நான், என் வீட்டுப் பானையைக் கழுவிய கையைக் காணவில்லை.

மறுநாள் காலையே பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன். அப்பத்தா பதறிப்போனார். "ஆம்பளப் பிள்ள சாம்பலும் நாருமா ஒக்காரலாமா? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாக?" என்றார். மேடையில் முழங்க நெஞ்சுரம் தேவையில்லை, தோழர்களே. நாலு பேர் பார்க்கும் முற்றத்தில் நார் பிடிக்கத்தான் தேவைப்படுகிறது!

பதில் சொல்லாமல், "நீங்கள் எந்த வயதில் வேலைக்குப் போனீர்கள், அப்பத்தா?" என்று கேட்டேன். கரி பிடித்த சட்டி ஒன்றைத் தேய்த்து முடிக்கும்வரை சொன்னார். ஒன்பது வயதில் நாற்றுப் பறித்ததை, பிள்ளை பெற்ற இருபதாம் நாள் களத்துமேட்டுக்குப் போனதை! ஊரார் பாட்டியின் கதையைப் பாட்டாக நூறு முறை கேட்டவன், சொந்த அப்பத்தாவின் கதையை இருபது வயதில்தான் முதன்முறையாகக் கேட்டேன்.

ஆனால் என் விடுமுறை ஐந்தே நாள். நான் விடுதிக்குத் திரும்பினால் பாரம் மீண்டும் தங்கையின் தலையில்தானே விழும்? ஐந்து நாள் தொண்டு செய்துவிட்டு அதையும் மன்றத்தில் பேசிக் கைதட்டல் வாங்கவா? ஆகவே அப்பாவிடம் பேசினேன். "தேர்வு முடியும்வரை இரவு வேலையை நீங்களும் அம்மாவும் பகிர்ந்துகொள்ளுங்கள். தேர்வுக்குப் பின்னும் அப்படியே இருந்தால் இன்னும் நல்லது" என்றேன்.

"படிக்கப் போனவன் பாத்திரந் தேய்க்கவா கத்துக்கிட்டு வந்த?" என்றார். வேறொன்றும் பேசவில்லை. நானும் எதிர்வழக்காடவில்லை. வென்றேனா தோற்றேனா என்று தெரியாமலேயே பேருந்து ஏறினேன்.

மூன்று கிழமை கழித்துத் தங்கை தொலைபேசியில் சொன்னாள்: "அண்ணே, அப்பா டீ குடிச்ச டம்ளர அவரே கழுவி வைக்கிறாருண்ணே. யாரும் பாக்கலேன்னு நெனச்சுக்கிட்டு!"

சிரித்தோம். ஒரு குவளைதான், பெரும்புரட்சி அன்று. அந்தக் குவளையைக் கழுவும் நேரத்தில் அவள் ஒரு கணக்கைப் போட்டிருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன்.

தேர்வு முடிந்ததும் அம்மாவையும் தங்கையையும் கீழடிக்கு அழைத்துச் சென்றேன். இத்தனை அருகில் இருந்தும் அம்மா அதுவரை உள்ளே சென்றதில்லை, நானும் அழைத்ததில்லை! தக்களிகள் இருந்த இடத்தில் நெடுநேரம் நின்றார். "இத உருட்டி உருட்டி எத்தன கை காச்சுப் போயிருக்கும்?" என்றார். பலமுறை அங்கே சென்ற எனக்கு ஒருமுறைகூடத் தோன்றாத எண்ணம் அது. கீற்று முடைந்து காய்ப்பேறிய கைக்குத் தோன்றிற்று.

அந்த நான்கும் இன்றும் எனக்குப் பிடித்தவைதாம். கதையும் பாட்டும் படமும் இடமும் என்ன பிழை செய்தன? பிழை என்னுடையது. நல்லதை விரும்பியதாலேயே நான் நல்லவனாகிவிட்டேன் என்று நம்பினேன். சுவையைச் சான்றிதழாக்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன். விரும்பியதற்கு விலை கொடுக்கவேண்டும் என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது.

ஆகவே, மாணவத் தோழர்களே! உங்களுக்குப் பிடித்த படம் எது, பாட்டு எது என்று ஒருவரையொருவர் கேளுங்கள். விடிய விடியப் பேசுங்கள். பேசி முடித்ததும் இன்னும் ஒரு கேள்வி கேட்க மறவாதீர்கள்: "அது பிடித்துப்போனபின், உன் வீட்டில் யாருடைய வேலை குறைந்தது?"