ரப்பர் விமானம்
ஆறாம் வகுப்பில் பயின்றபோது பால்சா மரத்துண்டால் மாதிரி விமானம் ஒன்று செய்தேன். ரப்பர் நாடாவை முறுக்கிவிட்டால் முன்விசிறி சுழலும். தோழர் நால்வரும் திடலில் கூடினோம். விமானம் மூக்கைத் தூக்கியது. மறுகணமே குப்புற விழுந்தது. ஒருவன் மூக்கில் களிமண் அப்பினான். நானோ அன்னையார் தலைக்கு வைத்திருந்த விளக்கெண்ணெயை நாடாவில் தடவினேன் (அதற்குத் தனியே வசை கிடைத்தது).

பால்மரம் வெட்டிக் களைத்து வந்த தந்தையார், “இதற்காகவா உன்னைப் பள்ளிக்கு அனுப்பினேன்?” எனச் சினந்தார். 1871இல் பாரிசில் அல்போன்சு பெனோ என்பவர் முறுக்கிய ரப்பராலேயே ஒரு சிறு விமானத்தை 11 வினாடிகள் பறக்கவிட்டார் என்றேன்.

“ரப்பராலா?” என்றார். பிறகு, தாமே நாடாவை முறுக்கித் தந்தார்.

அது லயத்துக் கூரையைக் கடந்து பால்மரங்களுக்குள் மறைந்தது. மறுநாள் நண்பகலில் பால்வாளியோடு அதையும் ஏந்தி வந்தார். ஓர் இறக்கை மட்டுமே ஒடிந்திருந்தது.