எட்டு புள்ளி ஆறு ஓவர்



எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டு வந்த ஒன்றை இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. நடுவில் வரும் கம்ப்யூட்டர் விஷயம் ஐ.டி. வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். மற்றவர்கள் பயப்பட வேண்டாம், கணக்கு ஆறாம் வகுப்பைத் தாண்டாது.

என் அக்கா பேத்தி இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் லேப்டாப்பும் கையுமாகவே இருந்தாள். கம்பைலர் பாடத்துக்கு ஒரு ப்ராஜெக்ட். கிரிக்கெட் மேட்ச் விவரத்தை வரிவரியாக எழுதிக் கொடுத்தால், அதைப் படித்துக் கணக்குப் போட்டு ஸ்கோர் சொல்லும் ஒரு நிரல். ஒரு நாள் மதியம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பாப்பா?"

"மழைக்கு முன்னாடி 2.4 ஓவர், மழைக்கு அப்புறம் 3.5 ஓவர். கூட்டினா 6.3 வரணும் தாத்தா. இது 5.9ன்னு சொல்லுது. 5.9ன்னு ஒரு ஓவரே கிடையாது!"

எனக்குச் சுருக்கென்றது. இதே வாக்கியத்தை, எண் மட்டும் வேறாக, 1996இல் ஒரு பையன் என்னிடம் சொன்னான்.

உலகக் கோப்பை இங்கே நடந்த ஆண்டு அது. வகுப்பே கிரிக்கெட் பைத்தியமாக இருந்தது. ஆறாம் வகுப்புக்குத் தசமக் கூட்டல் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குப் பிடித்த மாதிரி கேட்போமே என்று மாதத் தேர்வில் நானே ஒரு கணக்கு எழுதினேன்: "ஓர் அணி மழைக்கு முன் 4.3 ஓவரும், மழை நின்றபின் 4.3 ஓவரும் ஆடியது. மொத்தம் எத்தனை ஓவர்?" நான் எதிர்பார்த்த விடை 8.6.

எல்லாரும் 8.6 எழுதினார்கள். ஒருவன் மட்டும் 9 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துப் பூஜ்யம் போட்டேன். விடைத்தாள் கொடுத்தபோது எழுந்து நின்று, "சார், எட்டு புள்ளி ஆறுன்னு ஒரு ஓவரே கிடையாது சார்" என்றான். வகுப்பு சிரித்தது. "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று கேட்டு, அந்தப் பீரியட் முழுக்க நிற்க வைத்தேன். அவன் ஏரிக்கரை மைதானத்தில் பெரிய பையன்கள் ஆடும்போது நோட்டில் ஸ்கோர் எழுதுகிறவன் என்பது எனக்குத் தெரியாது. எனக்குக் கிரிக்கெட்டும் தெரியாது.

அவன் மொத்த மதிப்பெண் 33. அந்தக் கணக்குக்கு 2 மதிப்பெண். கொடுத்திருந்தால் 35, பாஸ். ஃபெயில் ஆனவர்கள் அப்பாவை அழைத்து வர வேண்டும் என்பது என் சட்டம். அவன் அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, என் மேசை முன்னால் கைகட்டி நின்றார்.

இரண்டு நாள் கழித்து டீக்கடை டி.வி.யில் மேட்ச் ஓடியது. ஓவர் 8.5 என்று காட்டியது. அடுத்த பந்து போட்டார்கள். 9 ஆனது. கையில் டீயோடு அப்படியே நின்றேன். ஓவருக்கு ஆறு பந்து. 4.3 என்றால் 27 பந்து. இரண்டும் சேர்ந்தால் 54 பந்து, சரியாக 9 ஓவர். பையன் சொன்னதுதான் சரி. மறுநாள் வகுப்புக்குப் போனேன். பாடம் நடத்தினேன். அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இப்போது பேத்தியின் விஷயத்துக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டர் எதையும் முதலில் எழுத்தெழுத்தாகத்தான் பார்க்குமாம். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, "இது சொல், இது எண், இது குறி" என்று பெயர் ஒட்டும் பகுதிக்கு லெக்சர் என்று பெயர். பெயர் ஒட்டிய துண்டு டோக்கன். டோக்கன்களைச் சேர்த்து வாக்கியமாகப் புரிந்துகொள்வது அடுத்த பகுதி, பார்சர். பெயர் ஒட்டுவதற்கான விதிகளை நாம் எழுதிக் கொடுத்தால் லெக்சரைத் தானே செய்து தரும் கருவிகள் உண்டு. அவற்றில் பழையது லெக்ஸ். 1975 வாக்கில் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க், எரிக் ஷ்மிட் இருவரும் உருவாக்கியது.

பேத்தி எண்ணுக்கு மூன்று விதி எழுதியிருந்தாள். ஒன்று முழு எண். இரண்டாவது தசம எண். மூன்றாவது ஓவர், அதாவது புள்ளிக்குப் பின் 0 முதல் 5 வரை ஒரே ஓர் இலக்கம். சிக்கல் என்னவென்றால் 4.3 என்பது தசம எண்ணுக்கும் பொருந்தும், ஓவருக்கும் பொருந்தும். இந்த மாதிரிக் கருவிகள் எந்த விதி அதிக நீளத்துக்குப் பொருந்துகிறதோ அதை எடுக்கும். நீளமும் சமம் என்றால் எது முதலில் எழுதப்பட்டிருக்கிறதோ அது. தசம எண் மேலே இருந்ததால் ஓவர்கள் எல்லாம் தசமமாகிவிட்டன. அதனால்தான் 5.9.

"அப்போ ஓவரைத் தூக்கி மேல போட்டுடு" என்றேன், பெரிய மேதை மாதிரி. போட்டாள். 6.3 வந்தது. ஆனால் ரன் ரேட் 6.28 சரியாக இருக்க, ரன் ரேட் 6.5 மட்டும் ஆறு ஓவர் ஐந்து பந்து, அதாவது 41 பந்து ஆகிவிட்டது. 6.28க்குத் தசம விதி நீளமாகப் பொருந்துகிறது, 6.5க்கு இரண்டும் சமம். எப்போதும் தப்பாக இருந்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம். சில நேரம் சரி, சில நேரம் தப்பு என்றால் அதுதான் ஆபத்து.

இன்னொரு வேடிக்கை. பவர்பிளே ஓவர்களை 1..6 என்று எழுதியிருந்தாள். புள்ளிக்குப் பின் இலக்கம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, முன்னால் இலக்கம் இல்லாமல் புள்ளியில் தொடங்கினாலும் சரி என்று விதி தாராளமாக இருந்ததால், லெக்சர் '1.' என்று ஒரு துண்டும் '.6' என்று ஒரு துண்டும் வெட்டிவிட்டது. ஒன்று முதல் ஆறு வரை என்பது காணாமலே போனது. புள்ளிக்கு இரு பக்கமும் இலக்கம் இருந்தே ஆக வேண்டும் என்று மாற்றியதும் சரியானது. 1970இல் வந்த பாஸ்கல் மொழியிலும் இதே 1..10 சிக்கல் உண்டாம். புள்ளியைப் பார்த்ததும் அவசரப்படாமல் அடுத்த எழுத்தையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

4.3க்குக் கடைசியில் அவள் கண்ட வழி எளிமையானது. "லெக்சருக்குத் தெரியாததை லெக்சர்கிட்ட கேட்கக் கூடாது தாத்தா" என்றாள். ஓவர் விதியையே எடுத்துவிட்டாள். லெக்சர் "இது புள்ளி வைத்த எண்" என்று மட்டும் சொல்லும். மதிப்பாக மாற்றாமல், எழுதியிருந்தபடியே அனுப்பிவிடும். பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பார்த்து ஓவரா, ரன் ரேட்டா என்று பார்சர் முடிவு செய்யும். எழுதியபடியே வைப்பது முக்கியம். யாமல் கோப்பில் பைத்தான் 3.10 என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதி, அது 3.1 ஆகித் தொல்லைப்பட்டவர்கள் உங்களிலேயே சிலர் இருப்பீர்கள்.

எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. எங்கள் தாத்தாவின் கணக்கு நோட்டில் பக்கத்தின் உச்சியில் 'உ' இருந்தால் பிள்ளையார் சுழி. நெல் கணக்கு வரியில் அதே வடிவம் இருந்தால் இரண்டு. தாத்தா ஒரு நாளும் குழம்பியதில்லை. வடிவத்தைப் பார்த்து அல்ல, இடத்தைப் பார்த்துப் படித்தார்.

நான் அப்படிப் படிக்கவில்லை. "ஓவர்" என்ற சொல்லை என் கையாலேயே கேள்வியில் எழுதிவிட்டு, எண்ணை மட்டும் பார்த்தேன். என் தலையில் தசம விதி முதல் வரியில் இருந்தது. பேத்தியின் நிரலுக்காவது யாரும் ஓவரைப் பற்றிச் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு ஒரு பையன் எழுந்து நின்று சொன்னான். அவனை நிற்க வைத்தேன்.

அவள் அரை மணி நேரத்தில் பிழையைத் திருத்திவிட்டு டீ கேட்டாள். எனக்கு ஏறக்குறைய முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

அந்தப் பையன் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் போனான். அதற்கு என் இரண்டு மதிப்பெண்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வீட்டுக் கஷ்டம் இருந்தது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு என் வகுப்பில் அவன் ஒரு முறைகூடக் கை தூக்கவில்லை. அது என் கணக்கில்தான் வரும். பெயர் எழுதவில்லை. அந்த செட்டில் படித்தவர்களுக்கு யாரென்று தெரியும். அவனோடு தொடர்பில் இருப்பவர்கள் இதைப் படித்துக் காட்டுங்கள். என் நம்பரைக் கொடுங்கள்.

தம்பி, உன் விடை 9 சரி. மொத்தம் 35. நீ பாஸ். உன் அப்பாவை அன்று வரவழைத்திருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்