கைக்கெட்டும் பம்பியும் கைக்கெட்டாத பம்பியும்

யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ-40 கார்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் வயதைத்தான் வியப்பார்கள். 1947ஆம் ஆண்டு முதல் 1950களின் பிற்பகுதி வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட டெவன், சோமசெற், கேம்பிரிட்ஜ் வகைக் கார்கள் புதிய நூற்றாண்டு பிறந்த பின்னரும் யாழ். வீதிகளில் வாடகைக்கு ஓடின. 2002இல் ஏ-9 பாதை திறந்தபோது வந்திறங்கிய வெளியூர்ப் பத்திரிகையாளர் பலர் முதலில் படம் பிடித்தவை அவற்றைத்தாம். இரும்பின் தடிப்பு, ஆங்கிலேயனின் வேலைத்திறன், யாழ்ப்பாணத்தவரின் சிக்கனம் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் முதன்மையான காரணம் வேறு என்பது என் எண்ணம். அந்தக் கார்களில் எது பழுதடைந்தாலும் அது மனிதனின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

இதற்கு எரிபொருள் பம்பியைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. நான் மெக்கானிக் அல்லன். செய்தி தேடி வாடகைக் கார்களில் அலைந்தவன். கார் நின்றுபோன இடங்களிலெல்லாம் இறங்கி நின்று பார்த்தவன் என்ற அளவிலேயே எழுதுகிறேன்.

கார்களில் எரிபொருள் தாங்கி பின்புறத்தில் தாழ்வாக இருக்கிறது. இயந்திரம் முன்புறத்தில் உயரத்தில் இருக்கிறது. தாழ்வில் உள்ள எண்ணெயை உயரத்துக்கு ஏற்றிவிடுவதே பம்பியின் வேலை. ஏ-40இல் அந்தப் பம்பி இயந்திரத்தின் பக்கவாட்டிலேயே பூட்டப்பட்டிருந்தது. இயந்திரம் சுழலும்போது உள்ளிருக்கும் தண்டு ஒரு நெம்பை அசைக்கும். அந்த நெம்பு, இறப்பர் பூசிய துணித் திரையொன்றை மேலும் கீழும் இழுக்கும். மெக்கானிக்குகள் டயப்பிரம் என்பது இந்தத் திரையைத்தான். பொனற்றைத் திறந்து, குழாய்களைக் கழற்றி, இரண்டு நட்டுகளைத் தளர்த்தினால் பம்பி கைக்கு வந்துவிடும். பழகியவருக்கு அரைமணி நேர வேலை. பம்பியின் கீழே கையால் அசைக்கும் ஒரு சிறு நெம்பும் உண்டு. இயந்திரம் சுழலாமலே அதனால் எண்ணெயை ஏற்றிவிடலாம்.

மொறிஸ் மைனரின் ஏற்பாடு வேறு. அதன் எஸ்.யு. பம்பி மின்சாரத்தில் இயங்குவது. பொனற்றுக்குள்ளே, இயந்திர அறையின் பின்சுவரில் இருக்கும். திறப்பைத் திருப்பியதும் 'டிக், டிக்' என்று அடிக்கும். கார்புரேற்றர் நிரம்பியதும் அடங்கும். அந்த ஓசை வராவிட்டால் ஓட்டுநர் இறங்கி, ஸ்பானரின் பிடியால் பம்பியின் உடலில் மெல்லத் தட்டுவார். ஒட்டிக்கொண்டிருந்த மின்தொடுகைகள் விடுபட்டு ஓசை மீண்டும் கேட்கும். அதன் பிறகு ஆறுதலாக மூடியைக் கழற்றி அந்தத் தொடுகைகளைச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் இந்த வேறுபாடுகளெல்லாம் வாழ்வோடு சம்பந்தப்பட்டவையாயின. குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் என்று தடுக்கப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்துதான் வெளியே போகவும் உள்ளே வரவும் முடிந்தது. எஞ்சியது மண்ணெண்ணெய். அதுவும் அளந்துதான் கிடைத்தது. போத்தல் விளக்குக்கும் அதுவே, தோட்டத்துக்கு நீர் இறைப்பதற்கும் அதுவே, காருக்கும் அதுவே என்றாயிற்று.

மண்ணெண்ணெயில் கார் ஓட்டியதை யாழ்ப்பாணத்தவரின் விந்தைக் கண்டுபிடிப்பாகச் சிலர் சொல்வதுண்டு. அப்படியல்ல. இங்கிலாந்தில் பெற்றோலில் எழுப்பி, சூடேறிய பின் மலிவான எண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் உழவு இயந்திரங்கள் நெடுங்காலம் இருந்தன. நம் தோட்டக்காரரும் கிணற்றடி நீரிறைக்கும் இயந்திரங்களில் அதே வித்தையைச் செய்துவந்தவர்களே. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த இயந்திரம் அதிலே எழும்பாது. கார்புரேற்றரின் வாயில் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பிச் சூடாக்கிவிட்டால், பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். ஏ-40இன் இயந்திரம் எண்ணெய்க் கலவையை ஏழில் ஒரு பங்காகவே அமுக்கும். அதனால் தரம் குறைந்த எண்ணெயைப் பொறுத்துக்கொண்டது. பத்தில் ஒரு பங்காக அமுக்கும் இன்றைய இயந்திரத்தில் அதைச் செய்தால் தட்டித் தட்டியே இயந்திரம் உடைந்துபோகும்.

மைனரை ஏ-40 முந்தியதும் அக்காலத்தில்தான். மைனரின் பம்பிக்கு நல்ல பற்றரி வேண்டும். புதுப் பற்றரியோ கிடையாது. ஏ-40காரர் நலிந்த பற்றரியோடும் சமாளித்தார். கைநெம்பால் எண்ணெயை ஏற்றி, முன்புறத்தில் இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றி இயந்திரத்தை எழுப்பிவிடுவார். ஆனால் அந்தப் பம்பிக்கும் ஒரு பலவீனம் இருந்தது. துணித் திரை வயதானால் கிழியும். புதிய திரை வாங்க வழியில்லை. சைக்கிள் ரியூபை வட்டமாக வெட்டிப் போட்டவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த இறப்பர் எண்ணெயில் ஊறி உப்பிச் சில நாள்களில் பழுதாகும். பழுதான பம்பிகள் இரண்டு மூன்றைப் பிரித்து ஒன்றாக்குவதே பெரும்பாலும் நடந்தது.

1993இல் ஓரிரவு. வடமராட்சியில் ஒரு மரண வீட்டுக்குப் போய்விட்டு, நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்த சோமசெற் ஒன்றில் எனக்கும் இடம் கிடைத்தது. பின்னாசனத்தில் புடையன் பாம்பு தீண்டிய தோட்டக்காரர் ஒருவர் இருந்தார். மேலதிக சிகிச்சைக்காக அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றார்கள். ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தூரம். ஹெலிகொப்டர் ஓசை கேட்டால் விளக்கை அணைத்து நிறுத்த வேண்டும். நாங்கள் அஞ்சியது அதைத்தான். கார் நின்றதோ வேறு காரணத்தால். வல்லை வெளியின் நடுவில் இயந்திரம் இருமுறை செருமிவிட்டு அடங்கியது.

ஓட்டுநர் பொனற்றைத் திறந்து, கைநெம்பை அசைத்துப் பார்த்தார். எதிர்ப்பே இல்லாமல் அது ஆடியது. "திரை போட்டுது" என்றார். வேறு பேச்சில்லை. பின்பெட்டியிலிருந்து சிறிய மண்ணெண்ணெய்க் கான் ஒன்றையும், ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற குழாயைப் போன்ற ஒரு குழாயையும் எடுத்தார். கானைக் கூரைமேற் கம்பித்தட்டில் கயிற்றால் கட்டினார். குழாயைப் பொனற்றின் இடுக்கு வழியே இறக்கி, பம்பியை விலக்கிவிட்டு நேரே கார்புரேற்றரில் மாட்டினார். உயரத்திலிருந்து எண்ணெய் தானாகவே இறங்கியது. கார்புரேற்றருக்குள் இருக்கும் மிதவை, நிரம்பியதும் வாயை அடைத்துக்கொள்ளும். ஆகவே வழிந்து ஊற்றாது. சட்டைப்பையில் வைத்திருந்த சிறு மருந்துப் போத்தலிலிருந்து நாலைந்து துளி பெற்றோல். இயந்திரம் எழும்பிற்று. முழு வேலைக்கும் இருபது நிமிடம் சென்றிருக்கலாம். நோயாளியின் மகன் சன்னலால் கையை நீட்டி, குழாய் வழுவாமல் யாழ்ப்பாணம் வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்தான்.

அந்தத் தோட்டக்காரர் பிழைத்துக்கொண்டார். அவர் பிழைத்தது மருத்துவர்களால். மருத்துவர்களிடம் அவர் போய்ச்சேர்ந்தது, பம்பியை எட்டவும் வேண்டாமென்றால் அதைத் தவிர்த்துவிடவும் முடிந்ததால். பம்பி பழுதாகிவிட்டால் பம்பியே இல்லாமல் ஓட்டும் வழியும் அந்தக் காரில் இருந்தது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காலத்தை இன்பமாக வருணிக்க நான் விரும்பவில்லை. எரியாத மண்ணெண்ணெய் இயந்திரத்துக்குள் வடிந்து அடியிலுள்ள எண்ணெயை நீர்க்கச் செய்யும், உள்ளுறுப்புகள் தேய்ந்துபோகும். வெண்புகை கண்ணை எரிக்கும். சூடான இயந்திரத்துக்கு மேலே எண்ணெய்க் கானைக் கட்டிக்கொண்டு ஓடுவது தீயோடு விளையாடுவதுதான். வேறு வழியில்லாதவர்கள் செய்த வேலை அது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, அந்த நெரிசலுக்குள்ளும் முதியவர்களையும் நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு இந்தக் கார்கள் ஊர்ந்தன.

2002இன் தொடக்கத்தில் தடை தளர்ந்தது, ஏ-9 திறந்தது. 2006 ஓகஸ்ற்றில் மீண்டும் மூடப்பட்ட அப்பாதை, போர் முடிந்த பின்னர் மறுபடியும் திறந்தது. அதன்பின் ஜப்பானிய, இந்தியக் கார்கள் பெருகின. இவற்றில் பம்பி தாங்கிக்குள்ளேயே, பெற்றோலில் மூழ்கி இருக்கிறது. இதற்குத் தக்க காரணங்கள் உண்டு. ஏ-40இன் பம்பி சதுர அங்குலத்துக்கு இரண்டு மூன்று இறாத்தல் அமுக்கம் கொடுத்தாலே போதும். இன்றைய இயந்திரத்துக்கு நாற்பது இறாத்தலுக்கும் மேல் வேண்டும். மூழ்கியிருக்கும் பம்பியைப் பெற்றோலே குளிர்விக்கும். சித்திரை வெயிலில் பம்பி சூடேறிக் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகிக் கார் நிற்பதும், ஓட்டுநர் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு நிழலில் காத்திருப்பதும் இப்போது இல்லை.

ஆனால் அதை எட்டுவது எப்படி? வழிகள் மூன்று. சில கார்களில் பின்னாசனத்தைத் தூக்கினால் அடியில் ஒரு மூடி தெரியும். அதைக் கழற்றி, மின்னிணைப்பையும் குழாயையும் விடுவித்து, பெரிய வளையத்தைத் திருகினால் பம்பி மேலே வரும். அந்த மூடியை வைத்த பொறியியலாளர், பழுதுபார்ப்பவனையும் ஒரு மனிதனாக நினைத்திருக்கிறார். வேறு சில கார்களில் மூடி இல்லை. காரை உயர்த்தி, தாங்கியை வெறுமையாக்கி, பட்டிகளைக் கழற்றி, தாங்கியையே கீழே இறக்க வேண்டும். ஒருநாட் பொழுது போய்விடும். கூலியும் அதற்கேற்ப இருக்கும். அதனால் மூன்றாவது வழியொன்று கராஜ்களில் வந்துவிட்டது. உள்ளேயிருந்து தரைத் தகட்டை வெட்டி வாசல் உண்டாக்குவது.

மூன்றாவது வழியை எண்ணித்தான் இதை எழுதத் தொடங்கினேன். தகட்டுக்குக் கீழே சில அங்குலத்தில் பெற்றோல் ஆவி நிறைந்த தாங்கி இருக்கிறது. பொறி பறக்கும் கருவியால் அங்கே வெட்டுவது எத்தகைய செயல் என்று சொல்ல வேண்டியதில்லை. வெட்டிய இடத்தைச் சரியாக மூடாவிட்டால் துருவும் பெற்றோல் ஆவியும் பயணிகள் இருக்குமிடத்துக்கே வரும். அறிந்த மெக்கானிக்குகள் தாங்கியை இறக்கிவிட்டே செய்கிறார்கள். வேலை தொடங்குமுன் பம்பியின் பியூசைக் கழற்றி, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் குழாயின் அமுக்கத்தைத் தணிக்கிறார்கள். பிறகு பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுகிறார்கள். அதற்கும் முன்னதாக, பழுது பம்பியில்தானா என்று பார்க்கிறார்கள். திறப்பைத் திருப்பியதும் பின்புறத்திலிருந்து ஓரிரு விநாடி மெல்லிய இரைச்சல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பியூஸ், ரிலே, மின்கம்பி என்று வரிசையாகப் பார்த்த பின்னரே பம்பிக்கு வரவேண்டும். நல்ல பம்பியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டும் கார் ஓடாத கதைகள் பல.

2022இல் நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, கடைசித் துளி வரை ஓட்டுவது வழக்கமாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ற்றில் கியூ.ஆர். முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். தாங்கி வற்றினால் மூழ்கியிருக்க வேண்டிய பம்பி வெளியே தெரியும்; சூடாகும்; அடிமண்டியை உறிஞ்சும். பம்பி கெட்டால் கூரையில் கானைக் கட்டி ஓட்டும் வழி இந்தக் கார்களில் இல்லை. அதே மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தை இன்றும் உயிரோடிருப்பது கடற்றொழிலாளரின் வெளியிணைப்பு இயந்திரங்களில்தான். அந்த விலையேற்றம் அவர்களையே முதலில் அடித்தது.

பழைய காருக்குத் திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் கார் வாங்கப்போகும் இளைஞர்கள் விலையையும் நிறத்தையும் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதையும் கேட்கும்போது, பம்பி எங்கே இருக்கிறது, அதை எவ்வழியால் எட்டலாம் என்றும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வல்லை வெளியில் அந்த ஓட்டுநர் செய்ததை எந்தப் பாடநூலும் சொல்லித் தரவில்லை. அப்படிச் செய்த கைகள் பல இன்று இல்லை; எஞ்சியிருப்போர் முதுமையில் இருக்கிறார்கள். இறப்பரை எப்படி வெட்டினார்கள், எந்தப் பம்பியின் உறுப்பு எதற்குப் பொருந்திற்று, எந்த வேலையில் யாருடைய கை எரிந்தது என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே போய்க் கேளுங்கள்.