கல் வேண்டாம் என்றவர்களின் இடுகாடு

லண்டனுக்கு வடமேற்கே, பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள சிற்றூர் ஜோர்டன்ஸ். அங்கே சாலையோரச் சரிவில் பத்துப் பன்னிரண்டு குட்டைக் கற்கள் நிற்கின்றன. பெயர், ஆண்டு, அதற்கு மேல் ஓர் எழுத்து கிடையாது. அவற்றில் ஒன்றில் ‘வில்லியம் பென், 1718’ என்றிருக்கிறது. பென்சில்வேனியாவை நிறுவிய அதே பென்தான். அப்பா கப்பற்படைத் தளபதி. பிரிஸ்டல் நகரத் தேவாலயம் ஒன்றில் அவருடைய கவசத்தையே மாட்டி வைத்திருக்கிறார்கள். மகனுக்கு இவ்வளவுதான்.

இந்தக் கல்லும் பிற்பாடு வந்ததே. செத்த பிறகு பெரியவன், சிறியவன் என்ற பேதம் எதற்கு என்பது பென் சார்ந்திருந்த கிறித்தவப் பிரிவினரான குவேக்கர்களின் கட்சி. கல்லறைக் கற்களை நீக்கிவிடும்படி 1717-லேயே அவர்களுடைய ஆண்டுப் பேரவை சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு பென் இறந்தார். கல் இல்லாமலே புதைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரியான எளிய கல் என்றால் வைத்துக்கொள்ளலாம் என்று 1850-ல்தான் இறங்கி வந்தார்கள். அதற்குள் எந்தக் குழியில் யார் என்பது குத்துமதிப்பாகிவிட்டது.

இது தெரியாமலா, தெரிந்துதானா, 1881-ல் பென்சில்வேனியாவிலிருந்து ஜார்ஜ் ஹாரிசன் என்பவர் கடல் கடந்து வந்தார். பென்னின் எலும்புகளை எடுத்துக்கொண்டுபோய் ஃபிலடெல்ஃபியாவில் மரியாதையோடு அடக்கம் செய்ய அனுமதி கேட்டார். இடுகாட்டின் அறங்காவலர்கள் மறுத்துவிட்டார்கள். ஆரவாரம் பென்னுக்கு ஆகாது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஃபிலடெல்ஃபியா சும்மா இருக்கவில்லை. 1894-ல் நகர மன்றக் கோபுரத்தின் உச்சியில் 11 மீட்டர் உயரத்துக்குப் பென்னை வெண்கலத்தில் நிறுத்திவிட்டது. சமத்துவம் பேசிய பென் அடிமைகளையும் வைத்திருந்தார் என்பதைச் சிலையும் சொல்லாது, கல்லும் சொல்லாது.

கற்களுக்குப் பக்கத்திலேயே 1688-ல் கட்டிய செங்கல் வழிபாட்டுக் கூடம். பலிபீடம் இல்லை, பாதிரியார் இல்லை, மர பெஞ்சுகள்தான். 2005-ல் தீப்பிடித்துக் கூரை எரிந்தது. பழைய பெஞ்சுகளும் மரப்பலகைச் சுவரும் பெரும்பாலும் தப்பின. பழுது பார்த்து மீண்டும் திறந்துவிட்டார்கள்.

லண்டன் மேரிலபோன் நிலையத்தில் ரயில் ஏறி, ‘சீர் கிரீன் அண்ட் ஜோர்டன்ஸ்’ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பென்னோடு இதே இடுகாட்டில் அடங்கியிருக்கும் தாமஸ் எல்வுட், கவிஞர் மில்டனின் நண்பர். 1665-ல் லண்டனில் கொள்ளைநோய் பரவியபோது கவிஞருக்கு வீடு பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். அந்த வீடு பக்கத்து ஊரான சால்ஃபோன்ட் செயின்ட் ஜைல்ஸில் அருங்காட்சியகமாக இருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.